வட்டவடை மண் ஒட்டிய செருப்பு

போன மாதத்திலிருந்து எங்கள் பாறைக்குழியில் கைப்பட்டை வந்துவிட்டது. தண்ணீரில் இறங்குகிறவர் மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையைக் கட்டிக்கொள்கிறார். இறங்கும்போது ஒரு பெட்டிமுன் காட்டினால் கீங் என்கிறது, ஏறி வந்து காட்டினால் இன்னொரு தரம் கீங் என்கிறது. யார் உள்ளே இருக்கிறார், யார் வெளியே வந்தார் என்று பெட்டியே சொல்லிவிடும். பன்னிரண்டு வருஷம் நான் பார்த்த வேலை அது. பெட்டிக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை, வெயிலில் தலை சுற்றாது. எனக்குப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. சும்மாவே என் கையை நாலு தரம் காட்டிக் கீங் கேட்டேன்.

"கோவம் வரலீங்களா மயிலக்கா?" என்று பிரேமா கேட்டாள். பிரேமா பாலக்காட்டுச் சித்தூர்க்காரப் பெண், இங்கே முக்குளிப்புச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"எதுக்குக் கோவம் கண்ணு? அதுக்கு மூட்டு வலிக்கப் போறதில்லயே."

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் படிக்கட்டும், பழைய கதையைச் சொல்லுங்கள் என்று அவள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் மலைக்காரப் பிள்ளைகளுக்கும் மலையாளத்துப் பிள்ளைகளுக்கும் பாதி புரியாது என்று புத்தகத் தமிழில் போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு பக்கமும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்கிறேன். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது.

கேரள எல்லையில் முதலமடையிலிருந்து மாந்தோப்புகளைத் தாண்டித் தெற்கே வந்தால் இந்தக் குழி. இதற்குள் நான் முதல் தடவை போனபோது கால் நனையவில்லை. அப்போது இது கல் உடைக்கிற குவாரி. கல்யாணம் ஆன வருஷமே ஜல்லி சுமக்க வந்தேன். அடி மட்டம் வரைக்கும் லாரி இறங்கும். வெடி வைக்கிற நேரத்தில் எல்லோரும் மேலே ஏறி மாமரத்தடியில் உட்கார்ந்துகொள்வோம். கிளிமூக்கு மாங்காயை உப்பு வைத்துத் தின்றால் வெடிச் சத்தம்கூடக் கேட்காது. அந்த மரம் இப்போதும் இருக்கிறது, காய்ப்புதான் குறைந்துவிட்டது. பிறகு கீழே ஊற்று உடைத்துக்கொண்டது. மோட்டார் வைத்து இறைத்தார்கள், தண்ணீர் ஜெயித்துவிட்டது. முதலாளி கருவிகளைக்கூட முழுசாக எடுக்காமல் போனார். இரண்டு மழைக்காலத்தில் குழி நிரம்பியது. எண்பது அடிக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஊர்க்காரர் யாரும் கிட்டப் போகமாட்டார்கள். பஞ்சாயத்துக்காரர்கள் வந்து வேலி போட்டார்கள். நான் மட்டும் ஆடு மேய்க்கிற சாக்கில் போய் எட்டிப் பார்ப்பேன். நான் நடந்த இடமெல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கிறது என்பது எனக்கு ஒரு வேடிக்கை.

அப்படி ஒருநாள் எட்டிப் பார்க்கும்போது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சோறு தின்கிற வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். கிறுக்குப் பிடித்தவர் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, தட்டு தவறி உழுந்துருச்சுங்களா?"

"இல்லேம்மா. எத்தனை ஆழத்துல கண்ணுக்கு மறையறதுன்னு பாக்கறேன். தண்ணி தெளிவா இல்லியான்னு தெரியணுமோல்லியோ."

அவர்தான் விச்சு சார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். கடற்படையில் முக்குளிக்கிற வேலையில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு ஓய்வு வாங்கி வந்திருந்தார். அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் போய்க் கடலுக்கடியில் மீன் பார்க்க ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள், நேராகக் கடலில் இறங்கிப் பயந்து சாகிறார்கள், முதலில் அசையாத தண்ணீரில் பழகட்டும் என்று இடம் தேடிக்கொண்டிருந்தார். அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றேன்.

ஒரு குச்சியை எடுத்துக் கல்தூளில் கோடு போட்டுக் காட்டினேன். இந்தப் பக்கம் லாரி இறங்குகிற சரிவு. இங்கே இருபது அடியில் ஒரு மேடை, நாங்கள் சோறு தின்ற இடம். அந்த மூலையில் மோட்டார் வைத்த கிடங்கு, அதைச் சுற்றி இரும்புக் கயிறு சுருண்டு கிடக்கும், கால் மாட்டினால் வராது. அடியெல்லாம் கல்தூள், கிளப்பினால் பால் மாதிரி ஆகிவிடும். அவர் எல்லாவற்றையும் தாளில் வரைந்துகொண்டார். அடுத்த வாரம் தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கயிறு நீங்க சொன்ன எடத்துலயேதான் இருக்கு," என்றார். அவர் அங்கே முக்குளிப்புப் பள்ளி ஆரம்பித்தபோது என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார், அதுதான் எனக்கு நேர்முகத் தேர்வு.

விச்சு சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. சத்தம் போட்டும் கேட்டதில்லை. எதையும் இரண்டு தரம் பார்ப்பார். முதல் தரம் சாமானைப் பார்ப்பார், இரண்டாம் தரம் அதைப் போட்டிருக்கிறவர் முகத்தைப் பார்ப்பார். சாமானில் குறை இருந்தால் மாற்றிக் கொடுப்பார். முகத்தில் குறை இருந்தால், "இன்னிக்கு வேண்டாம், மாமரத்தடியில உக்காந்து வேடிக்கை பாருங்கோ," என்பார். சளி பிடித்தவரை இறக்கமாட்டார், காது அடைத்து உள்ளே ரத்தம் கட்டும் என்பார். முந்தின ராத்திரி குடித்தவரை வாசனையிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். தெரியும் என்று சொல்கிறவரிடம், "செஞ்சு காட்டுங்கோ," என்பார். அந்த இரண்டு வார்த்தையில் பெரிய பெரிய ஆட்களின் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் அடிக்கடி சொல்வது, தண்ணீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது என்பது. சின்னப் பிள்ளையிலிருந்து நாம் தண்ணீர் என்றாலே மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கித்தான் பழக்கம். சிலிண்டர் மாட்டிக்கொண்டு மேலே ஏறும்போது மூச்சை அடக்கினால் நெஞ்சுக்குள் காற்று ஊதிக் கிழித்துவிடுமாம். விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பழக்கவே அவருக்கு ஒரு முழு நாள் போகும். குழலை வாயில் வைத்து மேலாக மிதக்கிறவர்களுக்கும் கூடவே ஒரு ஜோடி ஆள் வேண்டும். குப்புற மிதக்கிறவர் மீன் பார்க்கிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று கரையிலிருந்து தெரியாதே.

தலையாட்டல் கதையையும் சொல்லிவிடுகிறேன், பிரேமா வேண்டாம் என்கிறாள், நான் விடமாட்டேன். பாலக்காட்டிலிருந்து ஒரு பேங்க் அம்மா பழக வந்தார். தண்ணீருக்கடியில் விச்சு சார் விரலை வட்டமாக வைத்து, நலமா என்று கேட்பார். அதே வட்டத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். அந்த அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். உடனே விச்சு சார் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்துவிட்டார். திரும்ப இறங்கினார்கள், திரும்ப ஆட்டினார், திரும்ப மேலே. நாலு தரம் ஆனது.

"சார், எனக்கு ஒண்ணுமே இல்லையே. ஆமான்னுதானே தலையாட்டினேன்," என்றார் அந்த அம்மா.

"அது எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணப் பந்தியில பாயசம் போதும் போதும்னு சொல்றச்சேயும் இதே மாதிரிதானே ஆட்டறேள்."

அன்றிலிருந்து உள்ளே தலையாட்டினால் மேலே வர வேண்டியதுதான் என்று சட்டம். நம் ஜனங்களுக்குத் தலையை அசைக்காமல் இருப்பது மூச்சு விடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

என் வேலை சாமானைக் கழுவி உலர்த்துவதும் ஆள் எண்ணுவதும். கழுவுவதற்கு மூன்று தொட்டி. வாயில் வைக்கிற சாமானுக்குத் தனித் தொட்டி, ரப்பர் சட்டைக்கு ஒன்று, வாத்துக்கால் மாதிரி இருக்கிற துடுப்புகளுக்கு ஒன்று. தொட்டி மாறினால் விச்சு சார் மூன்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். எண்ணுவதற்கு எனக்கு எழுத்து இல்லை, அதனால் செருப்பை வைத்துக்கொண்டேன். இறங்குகிறவர் செருப்பை என்னிடம் விட வேண்டும். ஜோடியாக இறங்குகிற இரண்டு பேர் செருப்பும் ஒட்டி ஒட்டி இருக்கும், எல்லாம் தண்ணீரைப் பார்த்து நிற்கும். ஏறி வந்தவர் மாட்டிக்கொண்டு போவார். மிச்சம் நின்றால் ஆள் உள்ளே இருக்கிறார். விச்சு சார் தாளில் தனியாக எழுதுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒருநாள் ஒரு மகராசன் செருப்பை மறந்து வெறுங்காலோடு காரில் ஏறிப் போய்விட்டார். தாளில் எல்லோரும் வெளியே, வரிசையில் ஒரு ஜதை மிச்சம். விச்சு சார் தாளை மடித்து வைத்துவிட்டு ஜோடி சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்கி ஒரு மணி நேரம் தேடினார். பிறகுதான் அந்த ஆளே போன் செய்தார். நான் பயந்துகொண்டே நின்றேன்.

"செருப்பு நின்னா ஆள் உள்ளே. நீங்க சரியாத்தான் சொன்னேள்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனார்.

இத்தனை வருஷம் செருப்பைப் பார்த்ததில் எனக்கு ஆளைத் தெரிந்துபோகும். சாணி ஒட்டியிருந்தால் மாடு உள்ள வீடு. மாம்பால் கறுப்பாகக் காய்ந்திருந்தால் தோப்புக்காரர். பார்த்ததோடு விடமாட்டேன், கேட்பேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மழை உண்டா என்று கேட்காமல் இருந்தால் எனக்கு நாக்கு அரிக்கும். விச்சு சாருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிப் பாண்டி கதை.

பாண்டி வட்டவடைக்காரன். அது மூணாறுக்கும் மேலே, கேரட்டும் பூண்டும் விளைகிற மலை ஊர். முப்பது வயசு இருக்கும். அப்பாவுக்குத் தோட்டம், இவன் மூணாறுக்கு ஜீப் ஓட்டுகிறான். கூடப் படித்தவன் ஒருத்தன் அந்தமானில் முக்குளிப்புப் படகில் வேலையில் இருக்கிறான், பழகிவிட்டு வந்தால் சேர்த்துவிடுகிறேன் என்றானாம். நாலு நாள் பயிற்சிக்குப் பொள்ளாச்சியில் ரூம் எடுத்துத் தங்கி வந்துபோனான். பேர் பதிகிற தாளில் அந்த ரூம் விலாசத்தைத்தான் எழுதியிருந்தான். கடைசி நாள் காலையில் செருப்பை விடும்போது அடியைத் திருப்பிப் பார்த்தேன். கருகருவென்று மண், பருப்புக் கடைசல் மாதிரிக் குழைவாக. எங்கள் பக்கம் செம்மண்ணும் கல்தூளும்தான்.

"எந்த ஊர் மண்ணு சாமி இது?"

"நம்ம வட்டவடை மண்ணுதான் ஆத்தா. ஜீப்புக்குள்ள வேற செருப்புக் கெடந்துச்சு, எடுத்து மாட்டிட்டு வந்துட்டேன். நாளைக்குக் காலைல பூண்டு நடணும். அப்பா ஆள் சொல்லிட்டாரு. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும்."

"பூண்டு நடறவனுக்குக் கடல்ல என்ன வேல?"

"பூண்டும் மண்ணுக்கு அடியில, மீனும் தண்ணிக்கு அடியில. எனக்கு எல்லாமே அடியிலதான் ஆத்தா."

நன்றாகப் பேசுவான். பிறகு விச்சு சார் தாளை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கேள்விகளைக் கேட்டார். ஆஸ்துமா உண்டா, நெஞ்சுவலி உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா. கடைசியில், "நாளைக்குள்ளே விமானத்துல போறதா இருக்கேளா?"

"இந்த மூஞ்சியப் பாத்தா ஏரோப்ளேன்ல போற மூஞ்சி மாதிரியா இருக்கு சார்?" என்றான் பாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். விச்சு சார்கூடச் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

அன்றைக்கு இரண்டு தரம் ஆழத்துக்கு இறங்கினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. தான் விடுகிற சின்னக் குமிழியைவிட மெதுவாக ஏற வேண்டும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும், இரண்டையும் பாண்டி சரியாகச் செய்தான். பன்னிரண்டரைக்கு ஏறி வந்து, செருப்பை மாட்டி, நெய்ச் சோறு தின்றுவிட்டு, ஒரு மணிக்கெல்லாம் ஜீப்பை எடுத்துவிட்டான். வரிசை காலி. தாளும் ஒத்துப்போனது.

மூன்று மணி இருக்கும். நான் ரப்பர் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தேன். விச்சு சார் கம்ப்ரஸர் பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்து போனில் பம்பாய்க்காரர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் விமானம் இருந்தால் இன்றைக்கு இறங்கவே கூடாது என்று அவர்களிடம் சொன்னார். போனை வைத்ததும் எனக்குக் கேட்கத் தோன்றியது. இது எனக்கு வழக்கம்தான், சட்டையை அலசும் நேரம் முழுக்க எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"ஏனுங்க சார், தண்ணிக்குள்ள போனதுக்கும் ஏரோப்ளேனுக்கும் என்ன பகை?"

"சோடா பாட்டில் தெரியுமோ? மூடி இருக்கறச்சே குமிழி தெரியாது. சட்டுனு தெறந்தா பொங்கும். ஆழத்துல சுவாசிக்கற காத்து ரத்தத்துல கரைஞ்சு கெடக்கு. அது முழுக்க வெளிய போக ஒரு நாள் ஆகும். அதுக்குள்ளே மேலே போனா, அங்க காத்தோட அழுத்தம் கொறைவு. ரத்தம் சோடா மாதிரி பொங்கும். மூட்டுல வலி வரும், முதுகுத் தண்டுல போனா கால் விழுந்துடும்."

"மேலன்னா எவ்வளவு மேலங்க? ஏரோப்ளேன் சந்திரன் உசரத்துல போகுதே."

"இல்லே, விமானத்துக்குள்ளே காத்தை அடைச்சு வெச்சிருப்பா. ஆறாயிரம் ஏழாயிரம் அடி மலைமேல நின்னா எப்படியோ, அப்படி."

நான் சட்டையைப் பிழிந்தேன். மூணாறுக்கு ஒருதரம் என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனோம். கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் மேலே ஏற ஏறத் தலையணை மாதிரி உப்பியது. பேரன் அதைக் குத்தி வெடித்துவிட்டான், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அது ஞாபகம் வந்தது.

"வட்டவடை எத்தன அடி உசரமுங்க சார்?"

விச்சு சார் ஸ்பேனரோடு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பாண்டிப் பையன் ஊட்டுக்குத்தான் போறானுங்க. நாளைக்குப் பூண்டு நடறாங்களாம்."

"பொள்ளாச்சின்னா எழுதியிருக்கான்."

"அது ரூமுங்க சார். ஊரு வட்டவடை. செருப்புல மண்ணு இருந்துச்சு."

அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்து, அது இருக்க வேண்டிய ஆணியில் மாட்டினார். பிறகுதான் எழுந்தார். முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அப்போதும் ஓடவில்லை.

பாண்டிக்குப் போன் போட்டார். மலையாளத்தில் போன் கம்பெனியின் பொம்பளைக் குரல், பரிதிக்குப் புறத்து, அதாவது சிக்னல் எட்டாத இடம் என்றது. பொள்ளாச்சி, உடுமலை தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டான் என்று அர்த்தம். அந்த வழியில் சின்னாற்றில் வனத்துறை செக்போஸ்ட் உண்டு. பிரேமா யார் யாரையோ கேட்டு நம்பர் வாங்கினாள். அங்கே இருந்தவர், அந்த ஜீப் அரை மணிக்கு முன்னாலேயே போய்விட்டது என்றார். அடுத்தது மறையூர். அதற்கு மேல் மூணாறு, அப்புறம் வட்டவடை. ஒவ்வொன்றும் முந்தினதைவிட உயரம்.

விச்சு சார் மறையூரில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து நிதானமாகச் சொன்னார். பச்சை ஜீப். ஓட்டுகிறவன் பேர் பாண்டி. அவனை அதற்கு மேல் ஒரு அடி ஏற விடாதீர்கள். சண்டை போடுவான், தனக்கு ஒன்றுமில்லை என்பான், கேட்காதீர்கள். படுக்க வையுங்கள். ஆக்சிஜன் எங்கே இருந்தாலும் கொண்டுவாருங்கள். இதே வார்த்தைகளை இரண்டாம் தரமும் சொன்னார். எதிரில் இருந்தவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

எனக்கு அப்போது தோன்றியது, அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு வரிசையைக் காலி என்று நான் நினைத்தது தப்பு. அவன் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறான்.

மறையூரில் ஒரு வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைமுன் ஜீப் நின்றிருந்தது. அவன் வீட்டுக்கு வெல்லம் வாங்க இறங்கியிருக்கிறான். தோள்பட்டை வலிக்கிறது, சிலிண்டர் தூக்கின வலி என்று கொட்டகைக்காரரிடம் தைலம் கேட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தானாம். போலீஸ்காரர் போய், மேலே போகக் கூடாது என்றதும் சிரித்திருக்கிறான். "பூண்டு நடுறதுக்குக்கூட இப்ப பெர்மிஷன் வேணுமா சார்?" என்று எழுந்தவன், இடது காலை ஊன்றும்போது அது இல்லாதது மாதிரி மடங்கிவிட்டது.

அங்கிருந்து எங்களுக்குப் போன் வந்தது. பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. கூட்டம் கூடிவிட்டது. மூணாறில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடலாம், அங்கிருந்து கொச்சிக்கும் வழி இருக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பாம்பு கடித்திருந்தாலும், பிரசவ வலி வந்திருந்தாலும் அதுதான் சரி. ஒருவர் அவனைத் தூக்கி வண்டியில் போட்டும்விட்டார்.

விச்சு சார் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"மேலே வேண்டாம். தங்கத்துல ஆஸ்பத்திரி கட்டி வெச்சிருந்தாலும் மேலே வேண்டாம். கீழே எறக்குங்கோ. உடுமலைக்கு வாங்கோ. நாங்க எதிர்ல வரோம்."

சொல்லிவிட்டு உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மன்னிக்கணும்," என்றார்.

பள்ளியில் இருந்த ஆக்சிஜன் பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினோம். என்னையும் ஏறச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"அவன் பயந்துண்டிருப்பான். நேக்குப் பேச வராது. நீங்க பேசுங்கோ."

பொள்ளாச்சியைக் கடந்தோம். அப்புறம் ஒரு தென்னந்தோப்பைத் தாண்டும்போது, "அந்தத் தாள் கடலோரத்துக்காரா எழுதினது. அவாளுக்கு ஒசரம்னா விமானம்தான். நான் மலையைப் பாத்துண்டே வளந்தவன், அப்படியே காப்பியடிச்சேன்," என்றார். நான் மடியிலிருந்த ஆக்சிஜன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உடுமலைக்கு வெளியே ஆம்புலன்ஸ் எதிரில் வந்து நின்றது. மறையூர் டாக்டரம்மா ஒரு சின்ன ஆக்சிஜன் வைத்து அனுப்பியிருந்தார். பாண்டி மல்லாந்து கிடந்தான். விச்சு சார் பெட்டியை மாற்றி, மூக்கிலும் வாயிலும் முகமூடி சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். உள்ளங்காலில் சாவியால் கீறினார்.

"தெரியறதா?"

பாண்டி தலையாட்டினான்.

"தலையாட்டாதே. சொல்லு."

"தெரியல சார்."

நான் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால், பூண்டைப் பற்றித்தான். எத்தனை அங்குல இடைவெளி விடுவீங்க, வெயில் பட்டால் தோல் சிவக்குமா, மலைப்பூண்டுக்கு ஏன் இத்தனை காரம் என்று கேட்டேன். முகமூடிக்குள்ளிருந்து அவன் பதில் சொன்னான். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், அவன் திருத்துவான்.

"மண்ணக் கோபுரம் மாதிரி குமிச்சு அது மேல நடுவாங்களா சாமி?"

"அது கேரட்டுக்குப் பாத்தி கட்டுறது ஆத்தா. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல."

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோவிந்தாபுரத்தில் என்னை இறக்கிவிட்டு அவர்கள் கொச்சிக்குப் போனார்கள். பாலக்காட்டு வழி சமதளம், மலை ஏறாமல் கடல் வரைக்கும் போகலாம். அங்கே ஓர் இரும்பு அறை இருக்கிறதாம். ஆளை உள்ளே வைத்து, திரும்பவும் ஆழத்தில் இருக்கிற மாதிரி காற்றை அழுத்தி, அப்புறம் மணிக்கணக்காக மெதுமெதுவாக மேலே கொண்டுவருவார்கள். அதாவது சோடா பாட்டிலை மூடித் திரும்ப நிதானமாகத் திறக்கிறது. ஆறு நாள் அப்படி வைத்தார்கள். நாலாம் நாள் விச்சு சார் போன் செய்து, "கட்டைவிரல் அசையறது," என்றார்.

திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை தாளை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டது. விமானக் கேள்விக்குக் கீழே மலைக்குப் போவீர்களா என்று எழுதப் போவதாகச் சொன்னார்.

"அப்படிக் கேட்டா இல்லீன்னுருவாங்க சார். மலைன்னா எறக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுக்குவாங்க. நெல்லியாம்பதியில ரூம் போட்டவன் எவன் ஒத்துக்குவான்?"

"பின்னே எப்படிக் கேக்கறது?"

"இன்னிக்கு ராத்திரி எங்க தூங்குவீங்கன்னு கேளுங்க. அதுக்கு யாருக்கும் பொய் சொல்ல வராது. ஆயிரம் பேச்சோட பேச்சாக் கேக்கோணும். அத நான் கேட்டுக்கறேன்."

எழுதிக்கொண்டார். பேச்சோடு பேச்சாக என்பதையும் எழுதிக்கொண்டார், பிரேமா பிறகு படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து எத்தனையோ பேர் சொன்ன பதிலை நான் விச்சு சாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். நெல்லியாம்பதி, வால்பாறை, மூணாறு, கொடைக்கானல். அவர்களுக்கெல்லாம் அன்று குழல் வைத்து மேலாக மிதப்பது மட்டும்தான், இல்லாவிட்டால் ஒரு நாள் கீழேயே தங்கிவிட்டுப் போக வேண்டும். முகம் சுளிப்பார்கள். சிலர் என்னைத்தான் திட்டுவார்கள், கிழவி போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று. நான் சிரித்துக்கொண்டே மாங்காய் கொடுப்பேன்.

கைப்பட்டைப் பெட்டியிலும் இப்போது அந்தக் கேள்வி இருக்கிறதாம். எழுத்தில் வருகிறது, தொட வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அவர்கள் தொட்டதை நம்பாதீர்கள், செருப்பைப் பாருங்கள், வாயால் கேளுங்கள்.

எட்டு மாதம் கழித்துப் பாண்டி வந்தான். அந்தமான் வேலை போய்விட்டது. இனி ஆழத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலாக மிதக்கலாம், அவ்வளவுதான். அதற்காக மலையிறங்கி வந்திருந்தான். தான் இறங்கிய குழியின் அடியை மேலே இருந்தாவது ஒருதரம் பார்க்க வேண்டும் என்றான். நடையில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, தெரிந்து பார்த்தால்தான் தெரியும். விச்சு சார் அவனுக்கு முகக்கண்ணாடி மாட்டி, இரண்டு தரம் பார்த்தார். இரண்டாம் தரம் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

அவன் பிரேமாவை ஜோடி சேர்த்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தான். நான் வரிசையைப் பார்த்தேன். கருமண் ஒட்டின வலது செருப்பு மட்டும் இருந்தது.

"பாண்டி, இன்னொண்ணு எங்க சாமி?"

திரும்பிப் பார்த்தான். இடது செருப்பு காலிலேயே இருந்தது. போட்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. குனிந்து அதைப் பார்த்தான், பிறகு கழற்றி என் கையில் கொடுத்தான்.

"இந்தக் கால நம்பி ஒரு வேலையும் செய்ய முடியல ஆத்தா. கண்ணால பாத்துத்தான் ஊன்றேன். ஆனா ஊன்றேன்ல."

"ஊன்றயே. இன்னிக்கு ராத்திரி எங்க தூங்குவே?"

"மேலாத்தானே மெதக்கப் போறேன். வீட்டுக்குப் போலாம்னு சாரே சொல்லிட்டாரு."

"நானும் கேக்கோணுமல்ல."

"வட்டவடையில ஆத்தா. நாளைக்குப் பூண்டு நடவு."

செருப்பை ஜதையாகத் தண்ணீரைப் பார்த்து வைத்தேன். விச்சு சாரிடம் போய்ச் சொன்னேன், வட்டவடை என்று. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் தாளை எடுத்து எழுதிக்கொண்டார்.